கூடைக்கு ஏறிய வரி

ஐப்பசி 9.

வருமான வரியை எடுத்துவிட்டார்கள் என்று இவர் கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அதற்கு ஈடாகச் சந்தைக்கு வரும் கூடைகளுக்கு வரியை ஏற்றியிருப்பதை மீன்காரி செல்லாயி சொல்லித்தான் அறிந்தேன்.

“ஐயா கடை லட்டு எங்க தலையிலதான் உருளுதும்மா,” என்று சிரித்தாள்.

எனக்குப் பால் வற்றிக்கொண்டே வருகிறது. பால் ஊறட்டும் என்று புட்டுக்குச் சுறா கேட்டேன். பிள்ளை பெற்றிருக்கும் தன் மகளுக்கென்று ஒரு துண்டு ஒதுக்கி வைத்திருந்தாள்.

“நீங்களே எடுத்துக்குங்க. வரி கட்டலேன்னா நாளைக்குக் கூடையை உள்ள விடமாட்டாங்க.”

வாங்கிவிட்டேன். சமைத்துத் தின்றும்விட்டேன். என் மகன் வயிறு நிறைந்து தூங்குகிறான்.

இவரிடம் சொன்னேன். “அவ என்னைக்கு வருமான வரி கட்டினா?” என்றார்.

கட்டியதில்லைதான். இன்றிரவு அவள் பேத்தி பசியோடு கிடந்து கட்டுகிறாள்.