மெட்டின்னு நெனச்ச சத்தம்

கிளிநொச்சி

அன்புள்ள மாமா,

நான் சுகம். உங்க இருமல் விட்டுச்சா? நோர்வூட்டுல இன்னும் மழையா?

கண்ணிவெடி தேட புது மெஷின் குடுத்திருக்காங்க. ஏகப்பட்ட பட்டன், விதவிதமா சத்தம், ஒண்ணும் பிடிபடலை. நேத்து அது கத்துச்சு. மெட்டியைக் கழட்டாமலே பூட்ஸ் போட்டுட்டேன் போல, அதுக்குத்தான் கத்துதுன்னு நெனச்சு முட்டி போட்டபடியே முன்னால நகரப் போனேன். சூப்பர்வைசர் அக்கா "அசையாதடி"ன்னு சத்தம் போட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஆகலை. தோண்டினா வெடிதான். மெட்டி காலையிலேயே கழட்டி சோப்பு டப்பாவுல வச்சது அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு.

உடம்புல உலோகமே இல்லைன்னாத்தான் அது கத்தினா வெடின்னு நம்ப முடியும். இனி தாலியும் போடமாட்டேன், கோவிச்சுக்காதீங்க. மஞ்சக்கயித்துல மஞ்சள் துண்டு கோர்த்து, நீங்களே முடிச்சுப் போட்டு அனுப்புங்க. தலைவழியா மாட்டிக்கிறேன்.

வண்டி வந்திருச்சு. தாலியும் மெட்டியும் இதோட அனுப்புறேன். நம்ம பாப்பாவுக்குன்னு எடுத்து வைங்க.

உங்க தமயந்தி