காலுக்கு அளந்த வயலின்

இன்று காலை வயலின் பெட்டியைத் திறந்ததும் உங்கள் வார்னிஷ் வாசனை முகத்தில் வந்து மோதியது. நீங்கள் போய் வருஷங்கள் ஆயிற்று. வாசனை மட்டும் உங்களைப் போலவே பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது.

சாந்தோம் வீட்டில் மரம் இழைத்துக்கொண்டே அந்த இத்தாலிக்காரரைப் பற்றிப் பேசுவீர்கள். முந்நூறு வருஷத்துக்கு முன் கிரெமோனா என்ற ஊரில் வயலின் செய்தவர். தொண்ணூறு தாண்டியும் உளியைக் கீழே வைக்காதவர். வயலினுக்குள் ஒட்டிய சீட்டில் தன் வயதையும் எழுதியவர். உங்களுக்கு அவர் ‘பெரியவர்’. என் அப்பாவைக்கூட நீங்கள் அவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை.

எனக்கென்று நீங்கள் செய்த வயலின், அவர் அளவுகளை அப்படியே பார்த்துச் செய்தது. மயிலாப்பூர் சபாவில் அதைத்தான் நான் வாசிக்கப்போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டீர்கள். தரையில் உட்கார்ந்து, வயலினின் தலைச்சுருளை வலது கணுக்காலில் வைத்து வாசித்துப் பார்த்தேன். ஒரு வர்ணம் முடிவதற்குள் விளிம்பு எலும்பில் குத்திக் கால் சிவந்துவிட்டது.

உங்கள் முகம் தொங்கிப்போனது. "பெரியவர் மேல தப்பில்ல. அவரு தோள்ல வெச்சிக்கினு வாசிக்கிறவங்களுக்குச் செஞ்சாரு. நீ கால்ல இல்ல வெச்சிக்கினு வாசிக்கிற."

"அப்ப சபாவுக்கு என் பழசையே எடுத்துட்டுப் போகட்டுமா?"

"இன்னா அவசரம்? காலை நீட்டு."

காகிதத்தில் என் கணுக்காலைப் பென்சிலால் வரைந்துகொண்டீர்கள். எனக்குக் கூச்சமும் சிரிப்பும். நீங்கள் புதிதாகச் செதுக்கிப் பொருத்திய சுருள் அகலமாக, விளிம்பு மழுங்கி, என் எலும்புக்கு இடம்விட்டு வளைந்திருந்தது.

கச்சேரியன்று மிருதங்கக்காரர் குனிந்து கேட்டார்: "இத்தாலி வாத்தியமா, அக்கா?"

"எங்க வீட்டுக்காரர் செஞ்சது" என்றேன். மைக் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. சபாவே கைதட்டியது. கடைசி வரிசையில் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். எனக்கு அன்று வந்த கர்வம் இன்னும் இறங்கவில்லை.

போன வாரம் தி. நகர் ரசிகர் ஒருவர், கிரெமோனாவில் செய்த பழைய வயலின் ஒன்றைக் கொண்டுவந்து, இந்த வருஷம் இதில்தான் வாசிக்க வேண்டும் என்றார். வாசித்துப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, அப்படியொரு நாதத்தை நான் கேட்டதில்லை. நீங்கள் இருந்திருந்தால் அழுதிருப்பீர்கள். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"ஏம்மா, சவுண்ட் பிடிக்கலையா?"

"சவுண்டுக்கு என்ன குறைச்சல்? என் காலை அளந்து செஞ்சது வீட்ல இருக்கு சார்."

இன்று மாலை கச்சேரி. உங்கள் வயலின் என் கணுக்காலில் அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். யார் செய்தது என்று யாராவது கேட்டால், இந்த முறை மைக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டுதான் சொல்வேன்.