இடப்பக்கம் தீட்டிய கத்தி

நேற்று வெங்காயம் நேராக வெட்டுப்படவில்லை. கத்தி ஒவ்வொரு முறையும் விலகிப் போனது. ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு. ஆஸ்பத்திரிக் குசினியில் தினமும் கூடை கூடையாக வெட்டுகிற என் கை, முதல் நாள் வகுப்புக்கு வந்த பிள்ளையின் கை மாதிரித் தடுமாறியது.

உன் கத்தி.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் உன் அண்ணா கொண்டுவந்து தந்தார். கடுதாசியில் சுற்றி, சணல் கயிறு கட்டி. "தங்கச்சி, இதை நீர் வைச்சிரும். அங்க, அவளின்ர புருசன் வீட்டில, ஒருத்தருக்கும் சரிவருதில்லை. கோணலா வெட்டுதாம்."

யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலப்பக்கம் தட்டை. இடப்பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தது. பலகாலம் கல்லில் தேய்த்த தேய்வு. இடக்கைக்கென்று யாரோ தீட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன. நீதான்.

அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

யுத்த காலம். ஆஸ்பத்திரிக் குசினிகளுக்கு ஆள் பழக்கவென்று கொட்டாஞ்சேனையில் அந்தச் சமையற் பள்ளியைத் திறந்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் படித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வந்தவள் நான். நீ தெரிந்து வந்தவள். பாஸ் பண்ணினால் வேலை. இல்லாவிட்டால் உன் அண்ணா பார்த்து வைத்திருந்த குருநாகல் மாப்பிள்ளை. வெள்ளவத்தையில் ஒன்றாக ரயில் ஏறிய முதல் நாளே, கடலைப் பார்த்தபடி சொன்னாய்: "எனக்கு வேலைதான் வேணுமடி."

உருளைக்கிழங்குக்குத் தட்டுப்பாடு. பப்பாசிக்காயில் பழகினோம். வீட்டில் நிலத்தில் இருந்து அரிவாள்மணையில் அரிந்த நாங்கள், நின்றபடி பலகையில் வெட்டத் தெரியாமல் முழித்தோம். நீ இடக்கையில் கத்தியை எடுத்தாய். உன் காய் நெருப்புக்குச்சிகளாக விழுந்தது.

மிஸ் உன் பின்னால் வந்து நின்றார். "எந்தக் கை அது?"

"எனக்கு வாய்ச்ச கை, மிஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. "வருத்தக்காரருக்குப் போற சாப்பாடு. இடக்கையால வெட்டினதெண்டு அறிஞ்சால் ஒருத்தரும் தொடமாட்டினம்." உன் இடக்கை விரல்களைச் சேர்த்துத் துணி சுற்றினார். இனி அந்தக் கை காயை அமர்த்தலாம். கத்தி பிடிக்க முடியாது.

"விடுங்கோ மிஸ்," என்றாள் பக்கத்து வரிசைக்காரி. "ஒரு இடக்கையனாப் பாத்துக் கட்டிவைப்பம்."

நான் முன்னுக்குப் போனேன். "மிஸ், வெட்டினதைப் பாருங்கோ. கையை ஏன் பாக்கிறியள்?"

நீ என் சேலையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாய். "சும்மா இரடி. விசர்க்கதை கதையாதை."

இடைவேளையில் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாய். "பாரடி, என்ர கைக்குச் சால்வை போத்திருக்கினம்." நானும் சிரித்தேன். ஒவ்வொரு நாளும் அதே சால்வை. சில நாள் கத்தி வழுக்கி அது சிவந்தது.

பரீட்சையன்று துணி இல்லை.

அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் தூரத்து மேசையில் இருந்தார்கள். தட்டுகளை மட்டும்தான் பார்க்கப் போகிறார்கள். "இடக்கையால வெட்டடி," என்று கிசுகிசுத்தேன். நீ உன் இடக்கையைப் பார்த்தாய். கத்தியை வலக்கையில் எடுத்தாய். துண்டுகள் கண்டபடி விழுந்தன.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன். "ஏன்?"

"எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை."

"அவை கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சவையடி!"

"நீ இதை விடமாட்டாய் என்ன?"

"விடமாட்டன்."

விடவில்லை. நீ விரும்பிய வேலையில் நான் நிற்கிறேன். எந்தக் கையால் வெட்டியது என்று ஒரு நோயாளியும் கேட்டதில்லை. சோறு ஏன் ஆறிப்போனது என்றுதான் கேட்கிறார்கள்.

நீ கலியாணம் கட்டிப் போனபின் ஒருமுறை குருநாகலுக்கு வந்தேன். குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சமைத்தாய். கதவைத் திறந்துகொண்டு வந்து வலக்கையால் பரிமாறினாய். சம்பலில் வெங்காயம் கண்ணாடி போல மெல்லிசு. "ஆர் வெட்டினது?" என்றேன். "வேற ஆர்?" என்றாய். வலக்கை ஒருவழியாகப் பழகிவிட்டது என்று நினைத்தேன். அதற்கும் உன்மேல் கோபப்பட்டேன்.

பழகவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் கத்தியை உன் பக்கம் தீட்டி, உன் கையால் வெட்டியிருக்கிறாய். எனக்காவது சொல்லியிருக்கலாம். நான் யாரிடம் சொல்லப் போகிறேன்? கதவுக்கு வெளியில் காவல் நின்றிருப்பேன்.

இரண்டாவது பிள்ளைப்பேற்றில் நீ போனாய். செத்தவீட்டில் எல்லோருக்கும் ஒரே வசனம்: "சொல்வழி கேக்கிற பிள்ளை." நானும் தலையாட்டினேன். அப்போது கத்தி என்னிடம் வந்திருக்கவில்லை.

மருதானையில் சாணை பிடிக்கிறவர் இதை ஒரு நொடியில் சமப்படுத்திவிடுவார். கொண்டுபோக மாட்டேன்.

இன்று கத்தியை இடக்கைக்கு மாற்றினேன். பிடிக்கத் தெரியவில்லை. வெங்காயம் ஓடியது. வலக்கைச் சுட்டுவிரலில் வெட்டு; பழகுகிற எல்லோருக்கும் முதல் கிழமையில் விழுகிற வெட்டு. துணி சுற்றவில்லை. தண்ணீரில் கழுவிவிட்டு மறுபடி எடுத்தேன். இந்த முறை கத்தி விலகவில்லை. துண்டுதான் அசிங்கம். அது என் பிழை, கத்தியின் பிழை இல்லை.

எங்கள் குசினி வாசலால் போன அம்மா நின்றார். "என்ன பிள்ளை, எந்தக் கையால வெட்டுறாய்?"

"இடக்கையால அம்மா. இருந்து பாருங்கோ."

கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.