வரைபடத்தில் வெள்ளையாகக் கிடக்கும் சதுப்பு

ரிமிஜார்வி,
செப்டம்பர் 2

அன்புள்ள மகள் ஹெல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நாயும் உடம்பில் குறையில்லாமல் இருக்கிறோம், மனக்குறை எனக்கு மட்டும்தான், அதைக் கீழே எழுதுகிறேன். பிரிஸ்பேனில் நீயும் மாப்பிள்ளையும் அந்த வெயிலிலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் அம்மா பக்கத்து அறையில் இருக்கிறாள், இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். சவுனா நீராவிக் குளியலறை அடுப்புக்குப் புதுக் கல் போட்டாயிற்று. மழை போதும்.

மார்ச்சில் நகராட்சியிலிருந்து சாரா என்ற பெண் கணினியோடு ஊர்ச் சங்கத்துக்கு வந்தது உனக்குத் தெரியும். காற்றாலைகள் வரப்போகின்றன, நீங்கள் பழம் பறிக்கிற, மீன் பிடிக்கிற இடங்களிலெல்லாம் வரைபடத்தில் புள்ளி வையுங்கள், அந்த இடங்களை விட்டுவிடுவோம் என்றாள். ஹில்லா பழம் பறிக்கும் சதுப்பு எது என்று இந்த ஊரில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. என் அப்பா சாகும்போதுகூட எனக்குச் சொல்லவில்லை, நானே மூன்று கோடை அலைந்து கண்டுபிடித்தேன். சாராவும் இந்தப் பக்கத்துப் பெண்தான், அப்படியிருந்தும் கேட்டாள். வந்தவள் மனம் கோணக்கூடாதே என்று நானும் ஒரு புள்ளி வைத்தேன், குப்பைமேட்டுக்குப் பின்னால் இருக்கும் சதுப்பில். வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகு ஐம்பது வருடமாக அங்கே ஒரு பழம் காய்த்ததில்லை. ஊரில் மற்ற நாற்பது பேரும் அதே இடத்தில்தான் வைத்தார்கள் என்பது போன வாரம் கூட்டத்தில்தான் தெரிந்தது.

குப்பைமேட்டுச் சதுப்பு மக்கள் மிகவும் நேசிக்கும் இடமாம், அதற்குப் பச்சை அடித்திருக்கிறார்கள். உட்கார்ந்து பார்க்க ஒரு பெஞ்சும் வரப்போகிறது. நிஜமான சதுப்பு வெள்ளையாகக் கிடந்தது, யாருக்கும் பயன்படாத இடம் என்று. அதில் ஏழு காற்றாலைகள், லாரி போக ஒரு சாலை. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சாரா கேட்டாள். எல்லோரும் கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு கலெர்வோ எழுந்து, "அங்க காத்தாடி வேணாம், பார்க்க நல்லா இருக்காது" என்றான். "சுத்துவட்டாரத்துல வீடே இல்லையே, யாரு பார்க்கப் போறாங்க?" என்றாள். "நான் அந்தப் பக்கமே போனதில்லம்மா, பொதுவா சொன்னேன்" என்று உட்கார்ந்துவிட்டான். முப்பது வருடமாக அவன் மேற்குக் கரையில் பறிக்கிறான், நான் கிழக்குக் கரையில். ஒருவன் தொப்பி தெரிந்தால் மற்றவன் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவான். ஒரு முறை இரண்டு பேரும் இரண்டு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் கலெர்வோ என்னிடம், "நீ ஏன்டா வாயே திறக்கல, தைஸ்தோ?" என்றான். "எனக்கு அங்க என்ன வேலை?" என்றேன். "அதானே" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

மேப்பில் இல்லாத இடம் ஆபீஸைப் பொறுத்தவரை இல்லாத இடந்தான்பா என்று நீ அப்போதே சொன்னாய். நாற்பத்தாறு வருடமாக இல்லாத இடத்திலா பறித்தேன் என்று கேட்டேன், இன்றும் அதையேதான் கேட்கிறேன். புள்ளி வைப்பவன் பெயரை வெளியிட மாட்டார்கள் என்கிறாய். பெயர் யாருக்கு வேண்டும், புள்ளியை எவனும் கைபேசியில் பார்க்கலாம், அடுத்த ஜூலையில் ஹெல்சிங்கியிலிருந்து வாளியோடு வருவான். யாரும் சொல்லித்தராமல் அந்த வரைபடத்தைத் திறந்து, பெரிதாக்கி, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒரே ஒரு புள்ளி இருந்தாலும் அந்த நிலத்தை நேரில் நடந்து பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. கடைசி நாள் செப்டம்பர் 30. நான் வைக்க மாட்டேன். ஊரில் யாரும் வைக்க மாட்டார்கள். அதனால் உனக்கு எழுதுகிறேன், அங்கிருந்தே கணினியில் நீ ஒரு புள்ளி வை, இடம் தெரிய வழி சொல்கிறேன். பால் வண்டிக்காகக் கேன்களை வைத்த பழைய மேடையருகே காரை நிறுத்தாதே, அதைத் தாண்டி மரம் வெட்டும் பாதையில் நிறுத்து. இடி விழுந்த பைன் மரத்திலிருந்து ஓடையை இடது கையில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் நட. இரண்டு சிறு குளங்கள் வரும், அவற்றின் நடுவில்தான். வரைபடத்தில் அந்தக் குளங்களுக்குப் பெயர் கிடையாது, அப்படியே இருக்கட்டும்.

படித்ததும் கடிதத்தை எரித்துவிடு. இந்த வருடத்துப் பழத்தில் இரண்டு புட்டி ஜாம் உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், எங்கே பறித்தது என்று அம்மா கேட்டாள், குப்பைமேட்டுக்குப் பின்னால் என்றேன். அவளும் ஆறு புட்டி வைத்திருக்கிறாள், எங்கே என்று நான் கேட்கவில்லை. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். தேதியை மறந்துவிடாதே. இன்னொன்று, புள்ளியை இருநூறு மீட்டர் வடக்கே தள்ளி வை. காற்றாலையை நிறுத்த அது போதும், வாளியோடு வருகிறவனுக்குப் போதாது.

இப்படிக்கு,
யாரிடமும் எதுவும் சொல்லாத உன் அப்பா,
தைஸ்தோ