எல்லா மேட்சுக்கும் ஒரே ஆட்டம்

திண்டுக்கல்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அன்புக்கரசிக்கு அப்பா எழுதுவது. அந்தோணியார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பியும் நலம் என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தாண்டிப் போக இந்தத் தடவை கை வரவில்லை. போனில் பேசலாம்தான், ஆனால் நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் தம்பி பிரிட்டோ கட்டிலுக்குக் கேட்கும், அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், முடித்ததும் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். என் கையெழுத்து ஓடுகிற பஸ்ஸில் எழுதியது மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்.

அவன் எரியோடு பக்கம் பைக்கோடு விழுந்து இந்த மாதத்தோடு எட்டு மாதம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு இனி நடக்கமாட்டான் என்று முதலில் சொன்னவள் நீதான், நீ நர்ஸ், உன் வாய்ச்சொல்லை நாங்கள் நம்பினோம். அவனிடம் சொல்லாதீர்கள், மனசு உடைந்துபோவான் என்று சொன்னதும் நீதான், அதையும் அப்படியே கேட்டோம். நீ ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் வந்து, கிறிஸ்துமஸுக்கு நான் வரும்போது நீதான்டா ஸ்டேஷனுக்கு வந்து என்னைக் கூப்பிடணும் என்பாய். நானும் அவனிடம், அடுத்த மாசம் எழுந்துருவ என்பேன். அம்மா வெள்ளியில் ஒரு கால் உருவம் வாங்கி வந்து, காணிக்கை போடுவதற்கு முன்னால் தினமும் அவன் கால்மேல் வைத்து ஜெபம் பண்ணுவாள், கண்ணை மூடிப் படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து. இப்படியே ஓட்டினோம். ஒரு மாதமாக அவன், பிசியோ பயிற்சி கொடுக்க வரும் பிரான்சிஸைத் தொடவிடவில்லை, கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை, இடுப்பில் படுக்கைப்புண் வாய் பிளந்துகொண்டது. இவன் சாப்பிடாவிட்டால் புண் ஆறாது, சீழ் ரத்தத்தில் கலந்தால் என் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இதை உன்னிடம் மறைத்தது என் தப்பு.

அவன் மிச்சம் வைத்திருந்தது அந்தக் கம்ப்யூட்டர் புட்பால் ஒன்றைத்தான். பந்தை நாம் உதைப்பதில்லை தாயி, நாம் அந்த டீமுக்கு மேனேஜர், யாரை இறக்குவது, எங்கே நிறுத்துவது, எப்படி ஆடச் சொல்வது, அவ்வளவுதான். வலது கையில் இரண்டு விரல்தான் லேசாக அசைகிறது, மவுஸ் பிடிக்காது, அதனால் அவன் சொல்லச் சொல்ல நான் அமுக்குவேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்தவன் இப்போது கண்டக்டர் அப்பனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், எல்லாரையும் முன்னால் ஏற்றிவிடுவது. அதற்குத் திட்டுவான். கோலுக்கு முன்னால் கூட்டமாக அடைத்து நிற்கிறவனிடம் நடுவில் முட்டக்கூடாது, ஓரத்தில் அகலமாகப் பிரிந்து போகணும், வேகமாக ஓடுகிறவன் எதிரே வந்தால் பின்னால் காலி இடம் விடாமல் நம் ஆளைக் கீழே இறக்கணும் என்பான். ஏப்பா, தைப்பூசத்துக்குப் பழனி பஸ்ஸுலயும் சும்மா நாளு டவுன் பஸ்ஸுலயும் ஒரே மாதிரியா டிக்கெட் போட்டீங்க, எதுக்க நிக்கிற கூட்டத்தைப் பாத்துத்தானே நடந்துக்கிட்டீங்க என்று கேட்டான். சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

போன வியாழக்கிழமை ஒரு பெரிய டீமோடு மேட்ச். இவங்ககிட்ட ஜெயிக்க முடியாதுப்பா, இன்னைக்கு எல்லாரையும் பின்னால நிப்பாட்டுங்க, இருக்கதக் காப்பாத்திக்கிட்டு வெளிய வந்துருவோம் என்றான். பாதி ஆட்டத்தில் ஒரு கோல்தான் வாங்கியிருந்தோம். அந்நேரம் அவனைத் திருப்பிப் படுக்க வைக்கிற முறை வந்தது, சுவரைப் பார்க்கத் திருப்பினோம், இனி அவனுக்குத் திரை தெரியாது. எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை எதிலாவது ஜெயிக்கட்டுமே என்று அவனிடம் கேட்காமல் எல்லாரையும் முன்னால் ஏற்றிவிட்டேன். ஏழு கோல் வாங்கித் தோற்றோம். எத்தனை என்று கேட்டான், சொன்னேன். பரவால்லப்பா, அடுத்த தடவை ஜெயிச்சிருவோம், நீயும் அடுத்த மாசம் எழுந்துருவ என்று பழைய பாட்டையே பாடினேன்.

சுவரைப் பார்த்தபடியே பேசினான் தாயி. குரலை உயர்த்தவில்லை. நீங்க மூணு பேரும் எல்லா மேட்சுக்கும் ஒரே ஆட்டம்தான்ப்பா ஆடுறீங்க, அக்கா சிரிச்சுக்கிட்டே போனை வேற பக்கம் திருப்புறது எனக்குத் தெரியாதா, அம்மா வெள்ளிக்கால வச்சு வச்சு எடுக்குறது தெரியாதா, எனக்குக் கால்லதான் உணர்ச்சி இல்ல, கண்ணு நல்லாத் தெரியுது என்றான். பிறகு, நான் நடப்பேனாப்பா என்று கேட்டான். முப்பத்தொரு வருஷம் படிக்கட்டில் தொங்குகிற கூட்டத்தைப் பார்த்து உள்ளே இடம் இருக்கு, ஏறுங்க ஏறுங்க என்று பொய் சொன்ன வாய் இது. அன்றைக்கு வரவில்லை. இல்லப்பா, நடக்கமாட்ட என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டே அழுதான், கண்ணீர் மூக்கின்மேல் வழிந்து தலையணைக்குள் போனது, அதைத் துடைக்கக்கூட அவனால் முடியாது, நான் துடைத்தேன். கஞ்சிக் கிண்ணத்தோடு நிலைப்படியில் நின்ற அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பிள்ளையைக் கொன்னுட்டீங்க என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். எனக்கும் அந்தப் பயம்தான், இரண்டு நாளும் அவன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் போனை நான் எடுக்காததற்குக் காரணம் அதுதான், கோபித்துக்கொள்ளாதே. நேற்றுக் காலையில் அவனே பிரான்சிஸை வரச்சொல்லுங்கப்பா என்றான். கால விட்ருங்கண்ணே, கையப் பாப்போம், மவுஸ நானே பிடிக்கணும், எங்கப்பா கையில குடுத்தா டீமு விளங்காது என்று அவரிடம் சொன்னான். அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தான். புண் அப்படியேதான் இருக்கிறது, ராத்திரிக் காய்ச்சலும் விடவில்லை, டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார், நான் உனக்கு எந்த உறுதியும் சொல்லமாட்டேன். இன்றைக்கு அந்தோணியார் கோயிலுக்குப் போன அம்மா வழியில் வெள்ளிக்கடையில் கால் உருவத்தைக் கொடுத்துவிட்டுக் கை உருவமாக மாற்றி வந்திருக்கிறாள். அவன் கண் விழித்திருக்கும்போதே அந்த இரண்டு விரல்மேல் வைத்து ஜெபம் பண்ணினாள். அவனும் ஆமென் சொன்னான்.

நீ அங்கே அழுவாய் என்று தெரியும், அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு கூப்பிடு. வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. ஒன்று மறக்காதே, வருகிற ஞாயிறு வீடியோவில் வரும்போது அவனிடம் அடுத்த மேட்ச் யாரோடு என்று மட்டும் கேள். கிறிஸ்துமஸுக்கு உன்னைக் கூப்பிட ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன், அவன் வரமாட்டான்.

உன் அப்பா,
அந்தோணிமுத்து