அத்தை அலம்பி வைத்த டப்பா

அன்புள்ள என் அப்பாவுக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். தாரா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். நீங்கள் பார்க்காத பேத்தி. பாதி தமிழ், பாதி வங்காளி பேசுகிறாள்.

உங்கள் அக்காவுக்கும் உங்களைப் போலவே கல்லீரல் சுருங்கிவிட்டது, அப்பா. டாக்குரியா வீட்டில் தனியாக விட மனமில்லாமல் ஜாதவ்பூருக்கு எங்களோடு அழைத்து வந்துவிட்டேன்.

உங்களுக்குக் காய்ச்சலே வரவில்லையே, நினைவிருக்கிறதா? தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து நிம்மதியாக இருந்தோம். இந்த நோயில் காய்ச்சல் இல்லாமலே உள்ளே தொற்று முற்றிவிடும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

சிறுநீரில் ஏறும் சில புரதங்களை வைத்துத் தொற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று ஆஸ்பத்திரியில் ஆராய்கிறார்கள். கேட்டதுமே அந்த ஆராய்ச்சியில் அத்தையைச் சேர்த்துவிட்டேன். சிறுநீர் பிடித்துத் தர மூடி போட்ட டப்பா ஒன்று கொடுத்தார்கள். உங்கள் அக்கா அதைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, பால்கனி வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டாள்!

"ஐயோ அத்தை, அது கிருமி இல்லாம சீல் பண்ணி வந்தது!"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததை அலம்பாம எப்படிடீ ஆத்துல வெச்சுக்கறது? உங்கப்பன் இருந்திருந்தா வெந்நீர்லயே போட்டு எடுத்திருப்பான்."

உண்மைதானே, அப்பா? லேபில் இருந்த பெண் சிரித்துவிட்டு அத்தையிடம், "மாஷிமா, இதையாவது குளிப்பாட்டாதீங்க" என்று வங்காளியில் கெஞ்சி வேறு டப்பா கொடுத்தாள்.

நேற்று அத்தை ரசத்தில் இரண்டு தடவை உப்பைப் போட்டாள். தாராவை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தொட்டால் உடம்பு சில்லென்றுதான் இருந்தது. இப்படித் தடுமாறினால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். நான் தெர்மாமீட்டரைத் தேடவில்லை, டாக்ஸியைக் கூப்பிட்டேன்.

சிறுநீரில் அந்தப் புரதங்கள் ஏறியிருந்தன. இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் சோதனை, இதை மட்டும் நம்பக்கூடாது என்று சொல்லி, டாக்டர் வயிற்றில் கட்டியிருந்த நீரையும் எடுத்துப் பார்த்தார். தொற்றுதான். உடனே ஊசி மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். "நல்லவேளை, சீக்கிரம் கொண்டுவந்தீங்க" என்றார். உங்களுக்கும் அன்று இப்படி ஒன்று இருந்திருந்தால்?

இன்று மாலை ஆஸ்பத்திரியில் அத்தை அரை மயக்கத்தில் உங்கள் பெயரைச் சொன்னாள். "ரமணி கூப்பிடறான்டீ, கதவைத் திற." நான் எழுந்து கதவை இழுத்துச் சாத்தினேன்.

காய்ச்சல் இல்லை என்று இனி ஒருநாளும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன், அப்பா. இது உங்களுக்கு என் வாக்கு. நீங்களும் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். அக்காவை இப்போது கூப்பிடாதீர்கள். அவள் வார்க்கும் தோசையைத் தவிர தாரா வேறெதையும் வாயில் வைப்பதில்லை.

சரி என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மகள்,
ஜெயா