யானைக் குழுவிலிருந்து என்னை எடுத்த கிழமை

தை 20, செவ்வாய்

காலையில் கடும் பனி. வரம்பே தெரியவில்லை. கதிர் மஞ்சள் பிடிக்கிறது, இன்னும் இரண்டு கிழமை தப்பினால் வெட்டலாம். காடு எங்கள் காணி முடியும் இடத்தில் தொடங்குவதால் யானையை முதலில் காண்பவள் நான்தான். கண்டவுடன் போனில் 'யானைக் குழு'வுக்கு அனுப்புவேன், கீழ் வயல்காரர் யானை விரட்டும் வெடியோடு ஓடி வருவார்கள். அந்தக் குழுவில் காலை வணக்கம் இல்லை, பூப்படம் இல்லை. என்ன வந்தாலும் யோசிக்காமல் உடனே திறப்பது எங்கள் வழக்கம்.

இன்றைக்கு அந்த வழக்கமே கவிழ்த்துவிட்டது. பத்து மணிபோல என் பெயரில் குழுவுக்கு ஒரு லிங்க் போயிருக்கிறது. நான் குசினியில் மரவள்ளி அவித்துக்கொண்டு நின்றேன், போனைத் தொடவேயில்லை. யானையாக்கும் என்று எல்லோரும் திறந்துவிட்டார்கள்.

வாங்க: சவர்க்காரம், தேயிலை, கோழித்தீன்.

தை 21, புதன்

இராசையா அண்ணை வந்தார். வயல்காரருக்கான கமக்கார அமைப்பின் தலைவர், குழுவை நடத்துபவரும் அவரே. மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிறுத்தவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவருடையது லண்டன் மகன் அனுப்பிய புதுப் போன், லிங்க்கைத் திறக்க விடாமல் சிவப்பு எழுத்தில் தடுத்துவிட்டதாம். என்னைப் போல் பழைய போன் வைத்திருக்கும் பக்கத்துக் காணிக் கமலாவுடையதும் இன்னொருவருடையதும் மாட்டுப்பட்டுவிட்டன.

"குறை நினையாதை பிள்ளை. புதுப் போன் வாங்குமட்டும் உன்னைக் குழுவில இருந்து எடுத்து விடுறன்."

சொல்லிக்கொண்டே எடுத்தும் விட்டார். சரியான கோபம். யானைக்கு முன்னால் நிற்கவும் நான், குழுவுக்கு வெளியே நிற்கவும் நான். சண்டை வேண்டாம், விடு என்கிறார் என் மனுசன். விடமாட்டேன். இன்று இவரோடும் கதையில்லை.

தை 22, வியாழன்

தூறல். மாங்குளம் பஸ்ஸில் நின்றபடி பயணம். ரியாஸ் தம்பியின் போன் கடை. எல்லாவற்றையும் அழித்து, கதைக்கிற கோலும் குழுச் செய்தியும் மட்டும் திரும்பப் போட்டுத் தந்தார். கள்ளர் நுழையும் ஓட்டைகளைக் கொம்பனி இடைக்கிடை அடைத்து அனுப்புமாம், அதுதான் பாதுகாப்பு அப்டேற். என் போன் வகைக்கு அதை எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். எங்கேயோ இருந்து வந்த கெட்ட லிங்க்கும் அடைக்காத ஓட்டையும் சேர்ந்து செய்த வேலை என்கிறார்.

கண்ணாடியில் கீறல் இல்லை. பற்றரி பின்னேரம் வரை நிற்கிறது. ஆனாலும் காலம் முடிந்ததாம். புதுப் போன்களை வரிசையாக எடுத்து வைத்தார்.

"வாங்கேக்க, இத்தினை வருசத்துக்குத்தான் பாதுகாப்பு எண்டு ஆராவது சொன்னவையோ?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் கேக்கிறேல்லை அக்கா. கமரா எப்பிடி எண்டுதான் கேப்பினம்."

இனி எந்தக் கடையில் என்றாலும் முதல் கேள்வி அதுதான். இன்றைக்கு வாங்கவில்லை. வங்கி அலுவல் இந்தப் போனில் வேண்டாம் என்றார், அது நியாயம். இனி ஒட்டுசுட்டான் வங்கிக்கு நேரே போய் வரிசையில் நிற்கலாம். யானை வருகிறது என்று சொல்ல இந்தப் போன் போதும். எவன் காலம் முடிந்தது என்றாலும் எனக்கு இதன் காலம் முடியவில்லை.

கோழித்தீன் மறந்துவிட்டேன்.

தை 23, வெள்ளி

வெயில். கமலாவும் நானும் சைக்கிளில் கீழ் வயல் வீடுகளுக்குப் போனோம். பேசி முடித்தது: யானை வந்தால் கோல் எடுப்பது, குரல் கேட்டால் மட்டும் நம்புவது, யார் அனுப்பினாலும் லிங்க் திறப்பதில்லை. பட்டன் போன் வைத்திருக்கும் நாலு வீட்டுக்காரருக்குத்தான் பெரிய சந்தோசம். இவ்வளவு காலமும் அவர்களை யாரும் குழுவில் கணக்கெடுத்ததே இல்லை. எனக்கும் இன்றுதான் உறைத்தது.

தலைவர் கோவிக்கப் போறார் என்று கமலாவுக்குப் பயம். கோவிக்கட்டும் என்றேன். பின்னேரம் அவர் என்னைச் சந்தியில் மறித்து, ஊருக்குள் இரண்டு குழு சரிவராது என்றார். இது குழு இல்லை, சனம் சனத்தோடு கதைக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தை 24

முதுகு நோ. எழுத ஒன்றுமில்லை.

தை 25, ஞாயிறு

பொழுது படுகிற நேரம். கோழி அடைத்துவிட்டு நிமிர்ந்தால் காட்டோரம் மூன்று. எங்கள் பக்கம் திரும்பவில்லை. வாய்க்காலைக் கடந்து நேரே இராசையா அண்ணையின் வயலுக்கு. பொய் எழுத மாட்டேன், கொஞ்ச நேரம் சும்மாதான் நின்றேன். தின்னட்டும் என்றும் நினைத்தேன். பிறகு அந்தக் கதிரைப் பார்க்க மனம் கேட்கவில்லை. நெல் என்ன செய்தது?

அவருக்குக் கோல் எடுத்தேன். வெட்டினார். திரும்ப எடுத்தேன், திரும்பவும் வெட்டினார். மூன்றாம் முறைதான் அவர் போனைக் காதில் வைத்து, "என்ன?" என்றார்.

"உங்கட வயலுக்குள்ள மூண்டு ஆனை. இது லிங்க் இல்லை அண்ணை, நான் கதைக்கிறன்."

கீழ்ப் பக்கம் முழுக்கக் கோல் போயிற்று. பட்டன் போன்காரர்தான் முதலில் வெடியோடு நின்றார்கள். ஒரு மூலை மிதிபட்டது, மிச்சம் தப்பியது.

இப்போது போன் ஒளிர்கிறது. இராசையா அண்ணை என்னைத் திரும்பக் குழுவில் சேர்த்திருக்கிறார். ஒரு சொல் இல்லை, ஒரு கோல் இல்லை.

வெளியேறிவிட்டேன். வேண்டுமென்றால் கோல் எடுத்துக் கதைக்கட்டும்.